மாயா நெரித்த ஈயம்

புழல் சிறை
12.06.2024

அன்புள்ள மங்கைக்கு,

டில்லிபாபு எழுதுவது. நான் நலம். நீயும் நிலவனும் நலமா? போன வாரம் நீ மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாயே, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேரும் அந்தப் பக்கம் இருபது பேரும் நின்று கத்தியதில் நீ சொன்னது ஒன்றுகூட என் காதில் விழவில்லை. உன் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் கடிதம். இங்கே ஸ்டானிஸ்லாஸ் என்று ஒருவர் இருக்கிறார். ராயபுரத்தில் அச்சாபீசில் முப்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். நான் எழுதுவதைப் படித்துப் பிழை திருத்தித் தருகிறார். ஏழாவதோடு நின்றவன் எப்படி இப்படி எழுதுகிறான் என்று மயங்கி விழாதே.

தடைக்காலம் நாளை மறுநாள் முடிகிறது. படகெல்லாம் இறங்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வலை வேண்டும். அண்ணன் லட்சுமணன் வலைகளைக் கொண்டுவந்து போடுவான். பின்கட்டில் பழைய பேட்டரித் தகடு மூன்று மூட்டை இருக்கிறது. அந்த ஈயத்தை நீயே உருக்கி, தட்டி, வலை மூழ்குவதற்கான குண்டுகளாக அடிக்கயிற்றில் சுற்றி நெரித்துக் கொடுத்துவிடு. கடல் காற்றில் அடுப்பு நிற்காது, கதவைச் சாத்திக்கொள். நான் வரும்வரை இந்த வேலைதான் உங்கள் இரண்டு பேருக்கும் சோறு.

குறடு பிடித்து நெரித்தால் உனக்கு நேரமாகும். மாயா இருந்தால் நமக்குக் குறடு எதற்கு? நான் குறட்டால் இரண்டு குண்டு நெரிப்பதற்குள் அவள் பல்லால் கடித்து ஐந்து நெரித்துவிடுவாளே. காசிமேட்டில் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் பொண்ணு பல்லப் பாரு மாமு, குறடு தோத்துப்பூடும்" என்று சொன்னால் அவளுக்கு வெட்கம் வந்து இன்னும் வேகமாகக் கடிப்பாள். ஒன்பது வயசு. வயிற்று வலி என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்த பிள்ளை. குடல்வால் என்று சொல்லி அறுத்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்து போய்விட்டாள். அந்தச் சாண்ட்ரா டாக்டரம்மாவை நான் அடித்தது தப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். சலைன் மாட்டும் ஸ்டாண்டு கைக்குக் கிடைத்தது. ஒரு அடிதான் அடித்தேன்.

அடுத்த மாதம் 22ஆம் தேதி மாயாவின் சாவு பற்றி விசாரணை. நீதான் சாட்சி. டாக்டரம்மா வராந்தாவில் நர்சிடம் "ஊசி மாறிப்போச்சு" என்று சொன்னது உன் காதில் விழுந்தது. மறந்துவிடாதே. மறந்திருந்தால் நினைவுக்குக் கொண்டுவா. அந்த ஒரு வார்த்தை இருந்தால் ஜாமீன் வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். என் பிள்ளைக்கும் நியாயம் கிடைக்கும்.

நிலவனுக்கு என் முத்தம்.

உன்
டில்லி

—

திருவொற்றியூர் குப்பம்
20.06.2024

அன்பு மாமாவுக்கு,

மங்கை எழுதுவது. கடிதம் கிடைத்தது. நிலவனுக்குப் படித்துக் காட்டினேன். "நைனா எப்ப வரும்" என்று கேட்டான். சீக்கிரம் என்றேன். அவனுக்குச் சீக்கிரம் என்றால் நாளைக்குத்தான். தினமும் காலையில் எழுந்ததும் உங்கள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்க்கிறான்.

லட்சுமணன் மாமா வலைகளைக் கொண்டுவந்து மலை மாதிரி போட்டுவிட்டார். நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு உருக்குகிறேன். பக்கத்து வீட்டில் யாரும் நாற்றம் என்று சண்டைக்கு வருவதில்லை. மணலி ஆலைகளிலிருந்து வருகிற நாற்றத்துக்கு நடுவில் நம் அடுப்பு நாற்றத்தை யார் தனியாகக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். எனக்குப் பல்லில் வலு இல்லை, குறடுதான். ஒரு வலை முடிக்க இரண்டு நாள் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. எனக்குப் பத்து நாளாக வயிற்று வலி. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது, பிறகு விடுகிறது. வயிறும் போவதில்லை. சோறு தண்ணி இல்லாமல் அழுதுகொண்டே இருந்தால் வேறு என்ன ஆகும் என்கிறார்கள். ஓமத் தண்ணி குடித்தேன். மாயாவும் இப்படித்தான் ஒரு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று நான் அவளை அடித்தேன் மாமா. அந்தக் கை இப்போது குறடு பிடிக்க முடியாமல் தளர்ந்து போகிறது. அடித்த கைக்கு இது வேண்டும்தான்.

நிலவனும் மந்தமாக இருக்கிறான். தெருவில் விளையாடப் போகாமல் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அக்காவைத் தேடுகிறான் போல.

விசாரணையில் நீங்கள் சொன்னதைச் சொல்கிறேன். கவலை வேண்டாம்.

இப்படிக்கு
உங்கள் மங்கை

—

புழல்
01.07.2024

அன்புள்ள மங்கைக்கு,

உன் வயிற்று வலிக்கு நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? வேளைக்குச் சாப்பிடு. பெருங்காயத்தை மோரில் கலந்து குடி. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகாதே. ஒருத்தியைக் கொடுத்தது போதும்.

வக்கீல் வந்திருந்தார். நீ சொல்ல வேண்டியதை அவர் எழுதி எடுத்து வருவார், இரண்டு முறை படித்து மனப்பாடம் செய்துகொள். அழக்கூடாது. அழுதால் சொல்வது புரியாமல் போய்விடும். அழுவதை எனக்கு விட்டுவிடு, நான் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் முதுகைத் தடவிக்கொடுப்பார்.

நேற்றுக் கனவில் மாயா வந்தாள். நெரித்த குண்டையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு, "நைனா, எண்ணிக்கோ" என்றாள்.

உன்
டில்லி

—

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
11.07.2024

அன்பு மாமாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அந்த அச்சாபீஸ் அண்ணனையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

போன வியாழக்கிழமை மத்தியானம் சட்டியில் ஈயம் உருகிக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலியெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. முட்டியை மார்போடு கட்டிக்கொண்டு தரையில் உருண்டேன். நிலவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஆட்டோக்கார உச்சிமாகாளியை இழுத்து வந்தான். "யக்கா, உன் மூஞ்சே பேஜாரா கீது. இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு கீற, ஏறு" என்று தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரிதான் மாமா. வழியில் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

டியூட்டியில் சாண்ட்ரா டாக்டர் இருந்தார். இடது புருவத்துக்கு மேல் நீளமாகத் தையல் தழும்பு. அந்தக் கண்ணில் பாதிப் பார்வைதான் என்று நர்சுகள் பிறகு சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீங்க மாயாவோட அம்மாதானே" என்றார். நான், "என்னையும் அறுத்துக் கொன்னுடாத" என்று கத்தினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வயிற்றைத் தொட்டார்.

உயிர் போகிற வலி. ஆனால் வயிறு பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே ஓட்டை விழுந்தாலோ சீழ் பிடித்தாலோ வயிறு பலகையாக விறைக்குமாம், தொட விடமாட்டார்களாம். எனக்கு அவர் அமுக்கினால் இதமாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், கல் இல்லை, கட்டி இல்லை. மாரடைப்புகூடச் சிலருக்கு வயிற்று வலியாக வருமாம், அதற்கும் படம் எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பெரிய டாக்டர் வந்து, தொறந்து பார்த்துடலாமே என்றார். சாண்ட்ரா டாக்டர் அசையவில்லை. "போன தடவ அந்தக் குழந்தையத் தொறந்து பார்த்தோம் சார். குடல்வால் சுத்தமா இருந்தது. மறுபடி அதையே செய்ய மாட்டேன்" என்றார்.

பிறகு என் உதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு ஓரத்தில் மை தீட்டினாற்போல ஒரு கோடு. கையை முன்னால் நீட்டச் சொன்னார். மணிக்கட்டு தொங்கியது, தூக்க முடியவில்லை. அப்போதுதான் கேட்டார்: "வீட்ல என்ன வேலை செய்றீங்க?"

வலைக்குக் குண்டு ஊத்துறோம் என்றேன். எதை உருக்கி என்றார். பழைய பேட்டரி என்றேன். அவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈய விஷம் மாமா. புகையிலும் தூசியிலும் இருந்து ரத்தத்தில் ஏறி, குடலைப் பிடித்து முறுக்குமாம். குடல்வால் வலி மாதிரியே இருக்குமாம். பிள்ளைகளுக்கு மூளைக்கு ஏறினால் வலிப்பு வருமாம். ஐந்துக்கு மேல் இருந்தாலே ஆபத்து என்கிற ரத்த அளவு எனக்கு எழுபத்தெட்டு. நிலவனுக்கு ஐம்பத்தொன்று. அவனையும் பக்கத்துக் கட்டிலில் சேர்த்திருக்கிறார்கள்.

விசாரணை இருப்பதால் மாயாவின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து மறுபடி பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பு வட்டம் ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக நீலப் பொட்டு. ஈயம் ஏறியதன் அடையாளமாம். என் ரத்தத்திலும் அதே பொட்டு. என் மகளுடைய ரத்தத்தை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தேன் மாமா. எப்படிச் சொல்வது. அவளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேக்கல. எங்க வலி, எப்பலேர்ந்து, என்ன சாப்பிட்டா, எல்லாம் கேட்டேன். வீட்ல என்ன வேலைன்னு கேக்கல" என்று அவர் சொன்னார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஊசி மாறவில்லை மாமா. என் அடுப்பு. மூடின கதவு. நான் உருக்கியது. இதை உங்களுக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு
மங்கை

—

புழல்
16.07.2024

மங்கைக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். யார் எழுதிக் கொடுத்தது? சோறு போட்டு மாத்திரை கொடுத்து உன்னை வளைத்துப் போட்டுவிட்டாள். அவள் வேலை போய்விடும் என்று பயம், அதற்கு நம் அடுப்பின் மேல் பழி. நீயும் தலையாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய்.

எங்கள் நைனா நாற்பது வருஷம் குண்டு ஊற்றினார். அவர் என்ன வயிற்று வலியிலா செத்தார்? கடைசியில் கை இரண்டும் தொங்கிப் போய்ச் சோற்றை எடுத்து வாயில் வைக்க முடியாமல் போனது, அது வாதம். எல்லாருக்கும் தெரியும். ஈயம் விஷம் என்றால் இந்தக் கடற்கரையில் வலை போடுகிற ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான்.

என் பிள்ளையைக் கொன்றது அந்தக் கத்தி. அதை நம்பித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன இருக்கிறது?

22ஆம் தேதி அந்த வார்த்தையைச் சொல். சொல்லவில்லை என்றால் மனு போட்டு என்னைப் பார்க்க வராதே. வந்தாலும் நான் எழுந்து வர மாட்டேன்.

டில்லிபாபு

—

அத்திப்பட்டு
24.07.2024

அன்பு மாமாவுக்கு,

கோபத்தோடு எழுதினாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்தது ஆறுதல். இந்தத் தடவை அடித்தல் திருத்தல் நிறைய இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் காட்டாமல் அனுப்பிவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

விசாரணைக்குப் போனேன். வக்கீல் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதிகாரி, "டாக்டர் ஏதாவது சொன்னதைக் கேட்டீங்களா" என்றார். சாண்ட்ரா டாக்டர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், நல்ல கண் என் பக்கம் இருக்கும்படி. வராந்தாவில் நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என்ன வேலை நடந்தது என்பதையும் சொன்னேன். வக்கீல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். உங்கள் ஜாமீனை நான் கெடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பொய் சொல்லியிருந்தால் கேஸ் அந்த டாக்டரைப் பற்றியதாகவே இருந்திருக்கும். லட்சுமணன் மாமா அடுத்த மூட்டையை இறக்கியிருப்பார். நம் தெருவில் ஆறு வீட்டில் ஊற்றுகிறார்கள், எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

நிலவனுக்கு முப்பத்தாறுக்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை அழுகின முட்டை மாதிரி நாறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நைனா வந்தா இத்த துண்ணுவாரா" என்று கேட்கிறான். துண்ணுவார் என்று சொல்லித்தான் விழுங்க வைக்கிறேன். அவனுக்குப் படிப்பு ஏறுமா, முன்பு போல ஓடுவானா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று சொன்னதால் தங்கை ஷாலு வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்கே கொடியில் போட்ட துணியில் எல்லாம் அனல் மின் நிலையத்துச் சாம்பல். எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைத் தின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் நைனாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள் மாமா. எனக்கும் கை தொங்குகிறது.

கோபம் என் மேலேயே இருக்கட்டும். அடுப்பு என்னுடையது. கதவைச் சாத்தியது நான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு
உங்கள் மங்கை

—

புழல்
14.08.2024

அன்புள்ள மங்கைக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

உன் கடிதத்தை ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், அந்த டாக்டரம்மா புளுகுகிறாள் என்று அவர் சொல்வார் என நினைத்து. அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அச்சாபீசுல சேர்ந்த மொத நாளே எங்க மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? ஈய எழுத்த வாய்ல வெச்சினா கன்னம் பழுத்துப்பூடும்னாரு. கைய களுவாம டீகூட குடிக்க வுட மாட்டாரு" என்றார். ஏன் என்று கேட்டேன். "வவுறு புடிச்சிக்கும், கை தொங்கிப்பூடும், அப்பால பைத்தியம் புடிச்சி சாவணும். எங்களுக்கெல்லாம் தெரியும் தம்பி. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை மங்கை. நைனாவுக்கும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உன் கடைசி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அடுப்பு என்று எழுதியிருக்கிறாய். கதவு என்று எழுதியிருக்கிறாய். சட்டி, புகை, தூசி எல்லாம் எழுதியிருக்கிறாய். பல்லைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நீ மறக்கிறவள் இல்லை. முதல் கடிதத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று விட்டிருக்கிறாய்.

குறட்டைக் காணோம் என்று ஒருநாள் நான்தான் அவளிடம் கடித்துப் பார் என்றேன். முதல் தடவை கடித்துவிட்டு, "நைனா, குண்டு மேல கீற பொடி தித்திக்கிது" என்றாள். நான் சிரித்தேன். லீவு விட்டதிலிருந்து காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை கடித்தாள். ஆளைக் கூட்டிக் காட்டினேன். மலிவு என்று பேட்டரித் தகட்டுக்கு மாறியதும் நான், கடிக்க வைத்ததும் நான், கதவைச் சாத்தச் சொல்லி இங்கிருந்து எழுதியதும் நான். நீ எதைச் செய்தாய்?

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் மேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடித்த கேசில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறேன். ஜாமீன் வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஒரு கண் பாதி போனதற்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ பார்த்தால் நான் கேட்டேன் என்று சொல். என்ன கேட்டேன் என்று உனக்கே தெரியும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. கடித்ததால் இல்லை, புகையால்தான் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தில் இருந்தால் நம்பிவிடுவேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

உன்
டில்லி

—

அத்திப்பட்டு
20.08.2024

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாளாகத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட வரியை எழுத நான்கு முறை தாள் எடுத்தேன்.

நேற்று அதிகாரிகள் நம் வீட்டைச் சுத்தம் செய்ய வந்தார்கள். சாவி என்னிடம் இருந்ததால் போனேன். மூட்டை, சட்டி, அடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் தடித்த பைகளில் கட்டினார்கள். மூலையில் ஒரு வலை கிடந்தது. தடைக்காலத்தில் மாயா பாதி முடித்து வைத்தது. லட்சுமணன் மாமா அதை எடுத்துப் போகவில்லை, எடுக்க மனசு வரவில்லை என்றார்.

அடிக்கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குண்டிலும் அவள் பல் பதிந்திருக்கிறது மாமா. மேலே இரண்டு, கீழே இரண்டு. முன்பல்லில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்குமே, அதுகூட அப்படியே தெரிகிறது. அவளுடைய போட்டோ நம்மிடம் மூன்றுதான் இருக்கிறது. இது முழம் முழமாக இருந்தது.

ஒன்றே ஒன்றைக் கயிற்றிலிருந்து பிரித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. உங்களுக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்று நினைத்தேன். பஸ் ஏறுவதற்குள் நிலவன் ஞாபகம் வந்தது. அவன் என் முந்தானையைச் சப்பிக்கொண்டு தூங்குகிறவன். திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்து அந்தப் பையிலேயே போட்டேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். பிறகு புடவையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

சாண்ட்ரா டாக்டரிடம் நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். நிலவனின் ரத்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். நிலவனுக்கு இருபத்தெட்டு.

நீங்கள் கேட்ட வரி இதில் இல்லை மாமா. என்னிடம் இருக்கிற வரி வேறு. நான் அவளை வலிக்கிறது என்று சொன்னதற்கு அடித்தவள், நீங்கள் அவளைச் சிரித்துக்கொண்டு கடிக்க வைத்தவர். நாம் இரண்டு பேரும்தான் அவளுக்கு அப்பா அம்மா. வேறு யாரும் அவளை அவ்வளவு ஆசையாக வைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மனு போட்டிருக்கிறேன். நிலவனையும் கூட்டி வருகிறேன். வர மாட்டேன் என்று சொல்லாமல் எழுந்து வாருங்கள். கத்திப் பேச வேண்டாம், சும்மா நிற்கலாம்.

உங்கள்
மங்கை